தொழிற்சாலைத் தொடுதிரையில் ஐகானையும் அனிமேஷனையும் கருவித் தகவலோடு இணைப்பது எப்படி?

பினாங்கில் பிறையிலோ பாயான் லெப்பாஸிலோ ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்திருக்கிறீர்கள். வயரிங், சென்சார், இன்வெர்ட்டர் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. திடீரென்று ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, "இந்த மெஷினுக்குப் புது எச்.எம்.ஐ. வருது, ஸ்கிரீன் எல்லாம் நீங்களே போட்டுடுங்க" என்கிறார். எச்.எம்.ஐ. என்பது மெஷினை இயக்கவும் கண்காணிக்கவும் வைக்கும் தொடுதிரை. அந்த நாளுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு இந்த வேலை வந்தபோது வரிசையாகச் சொல்லித்தர ஆள் இல்லை. கையேடு நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும். ஒவ்வொரு மெனுவும் என்ன செய்யும் என்று அதில் இருக்கும், எதை முதலில் செய்வது என்று இருக்காது. மூலைக்கு மூலை முட்டிமோதிக் கற்றுக்கொண்டதை நீங்களும் அப்படியே பட வேண்டாம் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் விசிறி சுற்றினால், பார்க்கிற ஆபரேட்டர் உண்மையிலேயே விசிறி சுற்றுகிறது என்று நம்புவார். திரையில் கன்வேயர் நின்றிருந்தால், நம்பி அருகே போவார். அதனால் மெஷினுக்குத் தெரியாத எதையும் படம் சொல்லக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான்.

1. மென்பொருளைத் திறக்குமுன் காகிதங்களைச் சேருங்கள்

முதலில் மின் வரைபடம். அலுவலகக் கோப்பில் இருக்கும் பிரதியை மட்டும் நம்பாதீர்கள். பேனல் கதவின் உள்பக்கப் பையில் மடித்துச் செருகிய ஒரு பிரதி இருக்கும், அதையும் எடுத்துப் பாருங்கள். என்றோ ஒரு நைட் ஷிஃப்டில் ரிலே மாற்றியவர் அதில்தான் பேனாவால் திருத்தியிருப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வயரைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்து முடிவெடுங்கள்.

அடுத்தது பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) நிரல், கருத்துரைகளோடு. பி.எல்.சி.யிலிருந்து நேரே உருவி எடுக்கும் நிரலில் பல நேரம் கருத்துரை இருக்காது. அப்போது எம்120, டி340 போன்ற நினைவக முகவரிகள் எதற்கு என்று லேடரில் (ஏணி வடிவ நிரலில்) ஒவ்வொன்றாகத் தேட வேண்டிவரும். மெஷின் செய்த வெண்டரிடம் கருத்துரையுள்ள கோப்பைக் கேளுங்கள். மின்னஞ்சலிலேயே கேளுங்கள், பதிவு இருக்கட்டும்.

மெஷினில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் கையேடு வேண்டும்: இன்வெர்ட்டர், டெம்பரேச்சர் கண்ட்ரோலர், பவர் மீட்டர். முழுக் கையேடும் வேண்டாம், மோட்பஸ் (கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறை) முகவரி அட்டவணை உள்ள பக்கங்கள் போதும். கருவியின் பக்கவாட்டு லேபிளில் உள்ள மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். ஒரே குடும்பத்துக் கருவியிலும் ஓர் எழுத்து மாறினால் அட்டவணை மாறலாம்.

இனி, எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்: பழைய திரையின் மூலக் கோப்பு. திரைக்குள் ஓடுவது தொகுக்கப்பட்ட (கம்பைல் செய்த) கோப்பு. அதை வெளியே எடுத்தாலும் பல பிராண்டுகளில் திருத்துவதற்குத் திறக்க முடியாது. பாஸ்வேர்டு போட்டிருந்தால் எடுக்கவே முடியாது. எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில், திரை செய்துகொடுத்த வெண்டர் தொழிலையே விட்டுவிட்டார். ஓர் அலாரம் வரியைச் சேர்க்க வேண்டும் என்பதற்காக எல்லாத் திரைகளையும் புகைப்படம் எடுத்து, பார்த்துப் பார்த்து மறுபடி வரைய வேண்டியதாயிற்று. பி.ஓ. (கொள்முதல் ஆணை) போடும்போதே "மூலக் கோப்பும் பாஸ்வேர்டும் ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் அதற்குத் தனிக் கொட்டேஷன் வரும்.

திரையும் பி.எல்.சி.யும் ஈதர்நெட்டில் பேசப்போகின்றன என்றால் ஐ.டி. பிரிவுக்கு ஐ.பி. முகவரி கேட்டு இன்றைக்கே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். பெரிய நிறுவனங்களில் உங்கள் வேலையைவிட அந்த ஒப்புதலுக்கு அதிக நாள் பிடிக்கும்.

2. மென்பொருளும் செலவும்

சில நிறுவனங்கள் திரை வடிவமைக்கும் மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. வைன்டெக்கின் ஈஸிபில்டர் புரோவும் டெல்டாவின் டாப்சாஃப்ட்டும் அப்படித்தான். மிட்சுபிஷியின் ஜி.டி. டிசைனர்3, சீமென்ஸின் டி.ஐ.ஏ. போர்ட்டல் போன்றவற்றுக்கு உரிமம் வாங்க வேண்டும். டி.ஐ.ஏ. போர்ட்டலுக்கு 21 நாள் சோதனை உரிமம் உண்டு. அதைப் படிப்பதற்குப் பயன்படுத்துங்கள், தொழிற்சாலை வேலையை அதன்மேல் தொடங்காதீர்கள். பாதி வேலையில் உரிமம் முடிந்தால் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

எந்தப் பதிப்பில் பழைய கோப்பு செய்யப்பட்டது என்று பார்த்து, அதே பதிப்பை நிறுவுங்கள். புதிய பதிப்பில் திறந்து சேமித்துவிட்டால் பழையதில் மறுபடி திறக்காது. அசல் கோப்பை ஒரு பென் டிரைவில் தனியாக வைத்துவிட்டு, பிரதியின்மேல்தான் வேலை செய்ய வேண்டும்.

யு.எஸ்.பி.யிலிருந்து ஆர்.எஸ்.-485க்கு மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். சில பத்து ரிங்கிட்தான். அதோடு கியூமாட்மாஸ்டர் என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டுவைத்தால், திரை வருவதற்கு முன்பே கருவியிடம் நேரடியாகப் பேசிப் பார்க்கலாம்.

வீட்டில் பழக நினைப்பவர்கள் ஒரு பழைய 7 அங்குலத் திரையை இணையத்தில் தேடி வாங்கலாம். ஆனால் சிமுலேட்டரே முக்கால்வாசி வேலைக்குப் போதும் என்பது என் கருத்து. வகுப்புக்குப் போக விரும்பினால் முதலில் எச்.ஆர். பிரிவைக் கேளுங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியப் பணியாளர்கள் உள்ள, சட்டத்தின் கீழ்வரும் நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கார்ப்புக்கு (மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு) வரியாகக் கட்டுகின்றன. அந்தப் பணத்திலிருந்தே உங்கள் பயிற்சிக் கட்டணத்தைக் கோரலாம். பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் போன்ற இடங்களில் என்ன வகுப்பு வருகிறது என்று பார்த்து வையுங்கள். மானிய விண்ணப்பம் பயிற்சி தொடங்குமுன் போக வேண்டும், முடித்துவிட்டு ரசீதோடு போய் நின்றால் நடக்காது.

3. ஒரே ஓர் எண் திரையில் வரட்டும்

படம் வரையும் ஆசையை இந்த இடத்தில் அடக்குங்கள். வெறும் திரையில் ஓர் எண் பெட்டி மட்டும் போட்டு, அதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மதிப்பு வருகிறதா என்று பாருங்கள். டெம்பரேச்சர் கண்ட்ரோலரின் செட் வேல்யூ இதற்கு மிக நல்லது. கருவியின் முகப்பிலேயே எண் தெரியும், 37 என்று மாற்றினால் திரையிலும் 37 ஆக வேண்டும்.

வரவில்லையா? ஆர்.எஸ்.-485 என்றால் பாட் ரேட் (வேகம்), பாரிட்டி (பிழை சோதிக்கும் பிட்), ஸ்டேஷன் எண் (கருவியின் எண்) மூன்றையும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள். ஏ, பி வயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இந்த ஏ, பி பெயர்களை நிறுவனத்துக்கு நிறுவனம் எதிரெதிராக எழுதுகிறார்கள், அதனால் லேபிளை நம்பிப் பயனில்லை. நீளமான கேபிளுக்கு இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். ஈதர்நெட் என்றால் இரண்டும் ஒரே சப்நெட்டில் இருக்கின்றனவா, வேறு வேறு முகவரியா என்று பாருங்கள். சீமென்ஸ் எஸ்7-1200 அல்லது 1500ஐ வேறு நிறுவனத் திரையோடு நேர் முகவரி வழியாகச் சேர்க்கிறீர்கள் என்றால், பி.எல்.சி. அமைப்பில் புட்/கெட் அனுமதியை (வெளியிலிருந்து எழுதவும் படிக்கவும் விடுவதை) திறந்துவிட வேண்டும். டேட்டா பிளாக்கின் "ஆப்டிமைஸ்ட்" தேர்வை எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் கேபிள் சரி, முகவரி சரி, ஆனால் எண் வராது.

எண் வருகிறது, ஆனால் தப்பாக வருகிறதா? பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

பக்கத்து ரெஜிஸ்டரின் (மதிப்பு இருக்கும் நினைவிடத்தின்) மதிப்பு வருகிறது: மோட்பஸ் கையேட்டில் 40001 என்று இருப்பதைச் சில மென்பொருள்கள் 40001 என்றே கேட்கும், சில 0 என்று கேட்கும். ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

25.3 வர வேண்டிய இடத்தில் 253 வருகிறது: கருவி புள்ளியை அனுப்பாது. திரையில் தசம இடம் 1 என்று வையுங்கள்.

மைனஸ் 5 வர வேண்டிய இடத்தில் 65531 வருகிறது: குறியுள்ள எண் என்று மாற்றுங்கள்.

வாயில் நுழையாத பெரிய எண் வருகிறது: 32 பிட் மதிப்பின் இரண்டு வேர்டுகளும் (16 பிட் துண்டுகளும்) வரிசை மாறியிருக்கின்றன. வேர்டு ஸ்வாப் தேர்வை மாற்றுங்கள்.

மிட்சுபிஷி எஃப்.எக்ஸ். வரிசை பி.எல்.சி.யில் இன்புட் எக்ஸ்7க்கு அடுத்தது எக்ஸ்10 என்பதையும் நினைவில் வையுங்கள். எக்ஸ்8, எக்ஸ்9 அங்கே கிடையாது.

4. டேக் பட்டியல்: நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்

டேக் என்பது ஒரு முகவரிக்கு நாம் வைக்கும் பெயர். ஓர் எக்ஸெல் தாளில் எழுதுங்கள்: டேக் பெயர், முகவரி, வகை, அலகு, தசம இடம், அதிகபட்சம், குறைந்தபட்சம், திரை எழுதுமா படிக்க மட்டுமா. பெயரைப் பார்த்தாலே விளங்க வேண்டும். "மோட்டார்3_ஓடுகிறது" என்றால் அடுத்தவருக்குப் புரியும், "பிட்_17" என்றால் யாருக்கும் புரியாது. பெரும்பாலான மென்பொருளில் இந்தப் பட்டியலை இறக்குமதி செய்ய வழி உண்டு. ஒவ்வொரு ஐகானிலும் முகவரியைக் கையால் அடிக்காதீர்கள். நாளைக்கு ஒரு முகவரி மாறினால் பட்டியலில் ஓர் இடத்தில் மாற்றினால் போதும் என்று இருக்க வேண்டும்.

இன்னொன்று: திரைக்கு வேண்டிய எல்லா மதிப்பையும் பி.எல்.சி.க்குள் ஒரே தொடர் பகுதியில் நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள். டி1000 முதல் டி1099 வரை என்று வைத்துக்கொள்வோம். ஏன் என்பதற்குக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். 9600 பாட் மோட்பஸ் ஆர்.டி.யு.வில் (ஆர்.எஸ்.-485 வயரில் ஓடும் மோட்பஸ் வகையில்) ஒரு பைட்டுக்கு 11 பிட். ஒரு ரெஜிஸ்டரைப் படிக்கக் கேள்வி 8 பைட், பதில் 7 பைட், ஆக ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட். சிதறிக் கிடக்கும் 10 ரெஜிஸ்டரைத் தனித்தனியாகப் படித்தால் 170 மில்லிசெகண்டுக்கு மேல், அதோடு ஒவ்வொரு முறையும் கருவி யோசிக்கும் நேரம் வேறு. அதே பத்தும் அடுத்தடுத்து இருந்தால் ஒரே கேள்வியில் 38 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். "திரை ரொம்ப ஸ்லோ" என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது முகவரிகள் சிதறியிருக்கின்றனவா என்பதைத்தான். புதுத் திரை வாங்குவதெல்லாம் அதற்கப்புறம்.

5. ஆன்/ஆஃப் ஐகான்: எந்தப் பிட்டைக் கொடுப்பது?

பிட் லேம்ப் என்பதுதான் எல்லா மென்பொருளிலும் எளிய பொருள். 0 என்றால் ஒரு படம், 1 என்றால் இன்னொரு படம். முகவரி கொடுத்தால் வேலை முடிந்தது. செய்வது சுலபம், எந்தப் பிட் என்று தேர்ந்தெடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

புதியவர்களின் கை நேராக மோட்டாரின் அவுட்புட்டுக்குப் போகும், ஒய்5 என்று. ஆனால் ஒய்5 சொல்வது "ஓடு என்று நான் சொன்னேன்" என்பதை மட்டும்தான். ஓவர்லோடு விழுந்திருக்கலாம், காண்டாக்டர் காயில் எரிந்திருக்கலாம், யாரோ ஐசொலேட்டரை அணைத்திருக்கலாம். திரையில் மோட்டார் பச்சையாகவே இருக்கும். ஆகவே காண்டாக்டரின் துணைத் தொடுப்பிலிருந்தோ, இன்வெர்ட்டரின் "ரன்னிங்" சிக்னலிலிருந்தோ திரும்பி வரும் இன்புட்டை ஐகானுக்குக் கொடுங்கள்.

அதுவும் எப்போதும் போதாது. பிறையில் ஓர் உலர்த்தும் அறை. அதை ஓட்டிய அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஸ்கிரீன்ல ஃபேன் சுத்துது, ஆனா உள்ள காத்தே வரலையே" என்றார். போய்ப் பார்த்தோம். காண்டாக்டர் இழுத்திருந்தது, மோட்டாரும் ஓடியது, பெல்ட் அறுந்து கீழே கிடந்தது. ஐகான் மோட்டாரைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. ஆனால் வரைந்திருந்தது விசிறி, அதனால் அவர் காற்று வருகிறது என்று எடுத்துக்கொண்டார். அந்த ஐகானைக் காற்றோட்ட சுவிட்சின் இன்புட்டோடு இணைத்த பிறகுதான் படமும் நடப்பும் ஒன்றாயின. சென்சார் இல்லாவிட்டால் விசிறி வரையாதீர்கள், மோட்டார் என்று ஒரு வட்டம் போட்டு "எம்" என்று எழுதுங்கள். அறையைக் கவனித்துச் சொன்ன அந்த அக்காவைப் போன்றவர்களிடம் திரை வரையும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாதது அவர்களிடம் இருக்கும்.

6. பல நிலை ஐகான்: ஒரு கருவிக்கு ஒரு வேர்டு

மோட்டாருக்கு ஓடுகிறது, நிற்கிறது என்று இரண்டு நிலை மட்டும் இல்லை. கோளாறு, மேனுவல், பராமரிப்பு என்று இன்னும் இருக்கின்றன. நான்கு பிட் லேம்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தெரிவதையும் மறைவதையும் வைத்துச் சமாளிக்கிறவர்கள் உண்டு. இரண்டு பிட் ஒரே நேரத்தில் 1 ஆனால் எது மேலே தெரியும் என்பது நீங்கள் வரைந்த வரிசையைப் பொறுத்தது. கோளாறுக்கு மேல் "ஓடுகிறது" வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படிச் செய்யுங்கள்: பி.எல்.சி.யில் ஒரு வேர்டு. 0 நிற்கிறது, 1 ஓடுகிறது, 2 மேனுவல், 3 பராமரிப்பு, 4 கோளாறு, 5 தொடர்பு இல்லை. நிரலில் முக்கியமானதைக் கடைசியில் எழுதினால் அதுவே வெல்லும். திரையில் வேர்டு லேம்ப் அல்லது மல்டி ஸ்டேட் பொருள் ஒன்று, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படம். எல்லா மோட்டாருக்கும் வால்வுக்கும் இதே எண் வரிசையை வையுங்கள். பட்டியலில் இல்லாத எண் வந்தால் காட்ட ஒரு கேள்விக்குறிப் படமும் சேர்த்துவிடுங்கள்.

7. நகரும் படங்கள்

சிலிண்டர் முன்னே போவதை வழுக்கிக்கொண்டு போகும் அனிமேஷனாகக் காட்ட ஆசை வரும். சிலிண்டரில் இரண்டு ரீட் சுவிட்ச்தான் இருக்கிறது என்றால் மெஷினுக்குத் தெரிந்தது மூன்றே நிலை: பின்னால், முன்னால், நடுவில் எங்கோ. மூன்று படம் போடுங்கள், நடுவில் இருப்பதை மஞ்சளாக்குங்கள். பாதியில் சிக்கி நிற்கும்போது அந்த மஞ்சள்தான் டெக்னீஷியனை நேராகச் சரியான இடத்துக்குக் கூட்டிப்போகும்.

சர்வோ அல்லது என்கோடர் இருந்தால் உண்மையான இடம் தெரியும், அங்கே நகர்த்தலாம். ஒரு வண்டி 0 முதல் 400 மில்லிமீட்டர் வரை போகிறது, பி.எல்.சி. அதை 0.01 மில்லிமீட்டர் கணக்கில் 0 முதல் 40000 வரை தருகிறது, திரையில் அதற்கு 500 பிக்சல் இடம் இருக்கிறது. 40000ஐ 500ஆல் வகுத்தால் 80. ஆக, இடத்தை 80ஆல் வகுத்தால் பிக்சல். கணக்கு சுலபம், ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. குறியுள்ள 16 பிட் எண்ணில் 32767தான் உச்சம். 327 மில்லிமீட்டர் வரை ஒழுங்காகப் போகும் வண்டி அதைத் தாண்டியதும் மைனஸுக்குப் பாய்ந்து, திரையின் இடப்பக்கம் ஓடி மறைந்துவிடும். இடத்தை 32 பிட்டாகவே படியுங்கள், வகுத்தலை பி.எல்.சி.யில் செய்துவிட்டு விடையை மட்டும் திரைக்குக் கொடுங்கள். சோதிக்கும்போது வண்டியைக் கடைசி முனைவரை ஓட்டிப் பாருங்கள். பாதிவரை ஓட்டினால் இந்தக் குறை வெளியே வராது.

வைன்டெக்கின் நகரும் பொருளுக்கு ஒரு முகவரி கொடுத்தால் அது அடுத்தடுத்த மூன்று வேர்டுகளை எடுத்துக்கொள்ளும்: முதலாவது நிலை, இரண்டாவது கிடைத்தூரம், மூன்றாவது செங்குத்துத் தூரம். டி1020 என்று கொடுத்தால் டி1021, டி1022 இரண்டும் அதற்கே சொந்தம். அங்கே வேறு எதையாவது வைத்திருந்தால் படம் கன்னாபின்னாவென்று குதிக்கும். டி.ஐ.ஏ. போர்ட்டலில் பொருளைத் தேர்ந்து, அனிமேஷன் பகுதியில் நகர்வு என்பதை எடுத்து, டேக்கையும் அதன் எல்லைகளையும் தொடக்க இடம், முடிவு இடத்தையும் கொடுக்க வேண்டும்.

சுழலும் விசிறிக்குச் சில படங்களை மாற்றி மாற்றிக் காட்டினால் போதும். நான்கு இதழ் விசிறி 90 பாகை திரும்பினால் பழைய படமே வந்துவிடும். அதனால் 0, 30, 60 பாகை என்று மூன்று படம் போதும். படத்தை மாற்றும் துடிப்பைத் திரையே உள்ளுக்குள் உருவாக்கட்டும், பி.எல்.சி. "சுற்று, நில்" என்ற ஒரு பிட்டை மட்டும் கொடுக்கட்டும்.

தொட்டி மட்டத்துக்குப் பார் கிராஃப். சென்சார் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்றால், சீமென்ஸில் அது 0 முதல் 27648 ஆக வரும். அதை 0 முதல் 100 ஆக்கிவிட்டுத் திரைக்கு அனுப்புங்கள். சென்சார் வயர் அறுந்தால் சில கருவிகளில் மட்டம் பூஜ்யத்துக்கு இறங்கும், தொட்டி காலியானதுபோலவே தெரியும். மின்னோட்டம் 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் சென்சார் கோளாறு என்று ஒரு பிட் செய்து, அது வந்தால் பாரை மறைத்து அந்த இடத்தில் குறுக்குக் கோடு காட்டுங்கள். காலித் தொட்டி என்று நினைத்து வால்வைத் திறந்துவிட்டால் தரையெல்லாம் ரசாயனம்தான்.

8. தாமதமும் செத்த தகவலும்

பி.எல்.சி. சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. திரை அப்படி இல்லை. டி.ஐ.ஏ. போர்ட்டலில் ஒரு டேக்கை அப்படியே விட்டால் 1 விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். கன்வேயரில் ஒரு பொருள் சென்சாரை 50 மில்லிசெகண்டில் கடந்தால் திரை அதைப் பார்க்கவே போவதில்லை. எல்லா டேக்கையும் வேகமாக்கித் திரையைத் திணறவைப்பதைவிட, அந்தச் சிக்னலை பி.எல்.சி.யில் ஒரு விநாடி நீட்டிப் பிடித்து வைப்பது நல்லது.

அதைவிட முக்கியமானது, தகவல் வருவது நின்றுபோனால் என்ன காட்டுவது என்பது. பி.எல்.சி.யோடு தொடர்பு போனால் பல திரைகள் தாமாகவே செய்தி காட்டும். ஆனால் பி.எல்.சி.க்குப் பின்னால் இருக்கும் இன்வெர்ட்டரின் தொடர்பு போனால்? பி.எல்.சி. கடைசியாக வந்த எண்ணையே வைத்துக்கொண்டிருக்கும், ஐகானும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் தொடர்பு நிலைப் பிட்டை எடுத்து, 6ஆம் படியில் சொன்ன 5ஆம் நிலையைச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள். சோதனையின்போது கேபிளை உருவிப் பார்க்காமல் இந்தப் படி முடிந்தது என்று எழுதாதீர்கள்.

9. பட்டன்கள்

எமர்ஜென்சி ஸ்டாப்பைத் திரையில் வைக்கக் கூடாது. அது தனி வயரோடு சிவப்புக் காளான் பட்டனாகவே இருக்க வேண்டும். சூப்பர்வைசர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

ஜாக் பட்டன், அதாவது அழுத்தியிருக்கும்வரை நகரும் பட்டன், இன்னோர் ஆபத்து. அழுத்தும்போது திரை 1 எழுதும், விடும்போது 0 எழுதும். அழுத்திக்கொண்டிருக்கும்போது கேபிள் போனால் அந்த 0 போய்ச் சேராது, மெஷின் நகர்ந்துகொண்டே இருக்கும். திரை விநாடிதோறும் மாற்றும் ஒரு துடிப்பு நின்றால் ஜாக் பிட்டை பி.எல்.சி. தானே 0 ஆக்கட்டும். கை போகக்கூடிய இடமென்றால் அதுவும் போதாது, வயர் உள்ள பட்டன்தான். ஸ்டார்ட் பிட்டையும் பி.எல்.சி. படித்தவுடன் அழித்துவிட வேண்டும். இன்டர்லாக் (ஆபத்தான இயக்கத்தைத் தடுக்கும் நிபந்தனை) எதுவும் திரையில் இருக்கக் கூடாது, பட்டனை மறைத்துவைப்பது பாதுகாப்பு ஆகாது.

7 அங்குல 800க்கு 480 திரையில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.19 மில்லிமீட்டர். 80 பிக்சல் பட்டன் 15 மில்லிமீட்டர் வரும். கையுறை போட்ட விரலுக்கு அதற்குக் குறைவாக வேண்டாம்.

10. படமும் நிறமும்

பின்னணி வெளிர்சாம்பல், கண்ணைப் பறிக்கும் நிறம் பிரச்சினைக்கு மட்டும். மினுக்குவது ஒப்புக்கொள்ளப்படாத அலாரத்துக்கு மட்டும். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவர்கள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்கலாம், ஆகவே நிறத்தோடு வடிவத்தையும் மாற்றுங்கள். கேமராவில் எடுத்த பெரிய படத்தை அப்படியே இழுத்துப் போடாமல் தேவையான அளவுக்குச் சுருக்கிப் பி.என்.ஜி. ஆக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் பக்கம் மாறவே நேரமாகும்.

எழுத்து மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், மொழி மாற்றும் பட்டன் ஒன்று வையுங்கள். தமிழும் வேண்டுமென்றால் முதலில் அசல் திரையில் "கொ", "கை" எழுதிப் பாருங்கள், சிமுலேட்டரில் அழகாகத் தெரிவது திரையில் கொம்பு பிரிந்து நிற்கலாம். அப்படியானால் சொல்லைப் படமாக்கிப் போடுவதுதான் வழி.

11. சோதனையும் நாள் குறிப்பதும்

முதலில் மேசையில். ஆஃப்லைன் சிமுலேஷனில் ஒவ்வொரு நிலையையும் எண் கொடுத்துப் பாருங்கள். ஈஸிபில்டர் புரோவில் பி.எல்.சி.யோடு நேரடியாக இணைக்கும் ஆன்லைன் சிமுலேஷன் 10 நிமிடத்தில் நின்றுவிடும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், மறுபடி தொடங்குங்கள்.

அப்புறம் மெஷினில். இதற்கு மெஷின் உங்கள் கையில் வேண்டும், உற்பத்தி ஓடும்போது யாரும் தரமாட்டார்கள். சீனப் பெருநாள், ஹரி ராயா மூடல்கள்தான் நீளமான வாய்ப்பு. தைப்பூசம், தீபாவளிக்கு ஒரு நாள்தான் கிடைக்கும், அன்றைக்கு நமக்கும் வேறு வேலை இருக்கிறது. ஆனால் மூடல் நேரத்தில் வெண்டரின் ஆட்களும் ஊருக்குப் போயிருப்பார்கள், கூரியரும் வராது. பாஸ்வேர்டு, கேபிள், உதிரி பவர் சப்ளை எல்லாம் மூடலுக்கு ஒரு வாரம் முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். திரைக்கு 24 வோல்ட்தான் என்றாலும் பேனலின் 230 வோல்ட் பக்கம் கை வைக்க வேண்டுமென்றால் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்றவரை வைத்தே செய்யுங்கள். அவருடைய நாளையும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

மெஷினில் ஒவ்வோர் ஐகானுக்கும் ஒருவர் திரை முன்னாலும் ஒருவர் கருவி அருகிலும் நில்லுங்கள். ஓவர்லோடை அழுத்தி விழவையுங்கள், சென்சாரைக் கையால் மறையுங்கள், கேபிளை உருவுங்கள். டேக் பட்டியலின் கடைசிப் பத்தியில் அன்றைய தேதியும் இருவர் கையொப்பமும் போடுங்கள். பை-ஆஃப் கூட்டத்தில் (வேலையை ஏற்றுக்கொள்ளும் கூட்டத்தில்) கேள்வி வந்தால் இந்தத் தாள்தான் பேசும்.

முடிந்ததும் மூலக் கோப்பு, டேக் பட்டியல், பி.எல்.சி. நிரல் மூன்றையும் ஒரே தேதியிட்ட ஃபோல்டரில் போட்டு, நிறுவனத்தின் சர்வரில் ஒன்றும் பராமரிப்புப் பிரிவில் ஒன்றுமாக வையுங்கள். மென்பொருளின் பதிப்பு எண்ணை ஒரு லேபிளில் எழுதி, பேனல் கதவின் உள்பக்கத்தில் அந்த வரைபடப் பைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.